மண் கேளாத மலர்

பூ என்றால் நம் வீட்டுப் பெண்களுக்கு இரண்டே உபயோகம்தான். ஒன்று, சுவாமி படத்துக்குச் சாத்துவது. மற்றொன்று, தலையில் வைத்துக் கொள்வது. இந்த இரண்டுக்கும் உதவாத பூவை நாம் பூவாகவே மதிப்பதில்லை. "வாசனை உண்டா?" என்பதுதான் நம் முதல் கேள்வி. "இல்லை" என்று பதில் வந்தால், "அப்படியானால் காகிதப் பூவே வாங்கி வைத்துக் கொள்ளலாமே!" என்று சொல்லிவிட்டு, மல்லிகைக்காரியிடம் பேரம் பேசப் போய்விடுவோம்.

ஆர்க்கிட் பூவுக்கு நம் ஊரில் ஏற்பட்டிருக்கும் கதி இதுதான். கல்யாண வரவேற்பு மேடையில் அலங்காரமாக நிற்கும். பெரிய ஹோட்டல் வாசலில் கண்ணாடிக் குவளையில் தலையைச் சாய்த்துக் கொண்டிருக்கும். "அழகாய்த்தான் இருக்கிறது" என்று சொல்லி நகர்ந்து விடுவோம். பங்களாவில், கண்ணாடி வீட்டுக்குள், தோட்டக்காரன் வைத்து வளர்க்க வேண்டிய பணக்காரச் செடி அது என்று நமக்கு ஓர் எண்ணம். சென்னையில் மூன்றாவது மாடியில், எட்டடிக்கு நாலடி பால்கனியில், துணி காயப் போடும் கொடிக்குப் பக்கத்தில் அது வளரும். வளர்வதோடு வருஷத்தில் இரண்டு மூன்று தடவை பூக்கவும் பூக்கும் என்றால் யார் நம்புவார்கள்? நான் சொல்கிறேன், நம்புங்கள். எங்கள் வீட்டுப் பால்கனியில் இன்று பதினொரு தொட்டிகள் தொங்குகின்றன.

தலையில் வைக்க உதவாது என்பதும் முழு உண்மையல்ல. நமக்குச் சித்திரை பிறக்கிற அதே சமயத்தில் அஸ்ஸாமில் ரொங்காலி பிஹு பண்டிகை வருகிறது. அங்கே பெண்கள் கொண்டையைச் சுற்றி ஒரு பூச்சரத்தை வைத்துக் கொண்டு ஆடுவார்கள். ஊதாப் புள்ளி தெளித்த வெள்ளைப் பூக்கள், நரிவால் மாதிரி நீளமாகத் தொங்கும் கொத்து. யாரும் நாரெடுத்துத் தொடுக்க வேண்டியதே இல்லை. செடியே தொடுத்துக் கொடுத்து விடுகிறது! அதுதான் கொபௌ பூ. அஸ்ஸாமின் மாநில மலர். அதுவும் ஓர் ஆர்க்கிட்தான். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அது மரக்கிளைகளில் வளர்கிறது. நாம்தான் அண்ணாந்து பார்ப்பதில்லை.

உலகத்தில் சுமார் 28,000 ஆர்க்கிட் இனங்கள் இருக்கின்றன. இந்தியாவில் மட்டும் 1,250-க்கு மேல். 'வாந்தா' என்று கடைகளில் சொல்கிறார்களே, அந்தப் பெயரே நம் நாட்டுப் பெயர். பிற மரத்தின் மேல் வளரும் செடியைச் சமஸ்கிருதத்தில் 'வந்தா' என்பார்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த சர் வில்லியம் ஜோன்ஸ் அந்தச் சொல்லை எடுத்து எழுதினார். உலகம் முழுவதும் அதுவே நிலைத்து விட்டது. நாட்டு வாந்தா ஒன்று நம் பக்கத்து மாமரங்களிலேயே தொற்றி வளரும். அதற்கு நல்ல வாசனையும் உண்டு.

மரத்தின் மேல் வளர்கிறது என்றதும், "ஐயையோ, புல்லுருவியா?" என்று கேட்காதீர்கள். புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சிப் பிழைப்பது. ஆர்க்கிட் அப்படியல்ல, மரத்தினிடம் நிற்க இடம் மட்டுமே கேட்கிறது. மழைத் தண்ணீரும், காற்றில் வரும் ஈரமும், பட்டை இடுக்கில் மக்கிய நாலு இலையுமே அதற்குச் சாப்பாடு. வாடகை தராத குடித்தனக்காரர்தான்; ஆனால், வீட்டுக்காரர் அடுப்பில் கை வைக்காத குடித்தனக்காரர்!

இந்தச் செடி எங்கள் வீட்டுக்கு வந்த விதத்தைச் சொல்கிறேன்.

2022-ஆம் வருஷம் என் மாமியார் எங்களோடு வந்து சேர்ந்தார்கள். அப்போது அவர்களுக்கு வயது எழுபத்து நாலு. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் ஐம்பது வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். கொல்லையில் இரண்டு தென்னை, ஒரு எலுமிச்சை, கிணற்றடியில் வாழை, வேலியோரம் நந்தியாவட்டை. மாமனார் காலமான பிறகு அவ்வளவு பெரிய வீட்டைத் தனியாகக் கட்டிக் காக்க முடியாது என்று எல்லோரும் கூடிப் பேசி, அவர்களையும் கேட்டுக் கொண்டுதான் விற்றோம். "சரிப்பா, செய்யுங்க" என்று ஒரே வார்த்தையில் சம்மதித்து விட்டார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசியிருந்தால் தேவலை. விடியற்காலம் நாலரை மணிக்கு எழுந்து விடுவார்கள். எழுந்து என்ன செய்வது? வாசல் தெளிக்க வாசல் இல்லை. லிப்டுக்கு முன்னால் நாலு சதுரம் 'டைல்ஸ்'தான் இருக்கிறது. நாற்காலியைப் பால்கனி ஓரம் போட்டுக் கொண்டு எதிர் அடுக்கு மாடியின் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். சாப்பாடு குறைந்தது, பேச்சு அதற்கு முன்பே குறைந்து விட்டது. டாக்டர் பார்த்து விட்டு, "உடம்பில் ஒரு கோளாறும் இல்லையே!" என்றார். கோளாறு எங்கே என்று எங்களுக்குத் தெரியும். அதற்கு மருந்துதான் தெரியவில்லை. நான் இரண்டு மண்தொட்டி வாங்கித் தருவதாகச் சொன்னபோது, "சிமெண்டுத் தரையில எத நடறது? விடும்மா" என்று சொல்லி விட்டார்கள்.

அந்தச் சமயத்தில் என் கணவரின் அலுவலக நண்பர் ஒருவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். போகும்போது ஒரு தொட்டியைக் கொண்டு வந்து எங்கள் தலையில் கட்டினார். 'டெண்ட்ரோபியம்' என்று சீட்டு எழுதிச் செருகியிருந்தது. பக்கமெல்லாம் ஓட்டை போட்ட மண்தொட்டி. உள்ளே கரித்துண்டும் செங்கல் சில்லும். நடுவில் விரல் பருமனில் ஐந்தாறு தண்டுகள். இரண்டில்தான் இலை, மற்றவை மொட்டை.

என் மாமியார் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து பார்த்தார்கள்.

"ஏம்மா, இது என்ன கூத்து? கரியில கொண்டு போயி செடிய வச்சிருக்கு! மண்ணு எங்க?"

"இதுக்கு மண்ணே வேண்டாமாம், அத்தை. மண்ணில் வைத்தால் வேர் அழுகிப் போகுமாம்."

"மண்ணு வேணாமா!" என்று அவர்கள் சொன்ன குரல் எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. அதில் பாதி ஆச்சரியம். பாதி, அந்தச் செடியின் மேல் பரிதாபம். மறுநாள் நாற்காலி சுவரைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

ஆர்க்கிட் வளர்ப்பில் முதல் பாடத்தை எங்களுக்குப் புத்தகம் சொல்லித் தரவில்லை. என் மாமியார்தான் கண்டுபிடித்தார்கள். "இந்த வேரு பச்சோந்தி மாதிரி நிறம் மாறுதும்மா, வந்து பாரு" என்று ஒரு நாள் காலையில் கூப்பிட்டார்கள். தொட்டிக்கு வெளியே வெள்ளையாக நீட்டிக் கொண்டிருந்த வேர், தண்ணீர் பட்டதும் ஒரு நிமிஷத்தில் பச்சையாகி விட்டது. வேரைச் சுற்றிக் கடற்பஞ்சு மாதிரி ஒரு உறை இருக்கிறது. காய்ந்திருக்கும்போது அதற்குள் காற்று நிறைந்து வெள்ளையாகத் தெரியும். தண்ணீரை உறிஞ்சியதும் உள்ளே இருக்கும் பச்சை வெளியே தெரியும். ஆகவே சட்டம் சுலபம்: வேர் வெள்ளையாக இருந்தால் தண்ணீர் விடு, பச்சையாக இருந்தால் சும்மா இரு.

இந்தச் 'சும்மா இரு' என்பதுதான் நம்மால் முடியாத காரியம்! நம் பெண்களுக்கு அன்பைக் காட்டத் தெரிந்த ஒரே வழி, இன்னொரு கரண்டி போடுவது. வந்த விருந்தாளி தப்பித்து ஓடலாம். தொட்டிச் செடி எங்கே ஓடும்? வாடிச் செத்த ஆர்க்கிட்டை விட, தண்ணீர் குடித்துச் செத்த ஆர்க்கிட்தான் அதிகம். காற்று வாங்க வேண்டிய வேர் நாள் முழுவதும் ஈரத்திலேயே ஊறினால் மூச்சுத் திணறி அழுகி விடுகிறது. ஆகவே காலை வேளையில், தொட்டியின் அடியில் ஒழுகும் வரை தாராளமாக விட வேண்டும். பிறகு வேர் வெளுக்கும் வரை தொடக் கூடாது. இரவில் குருத்துக்குள் தண்ணீர் தேங்கி நிற்கலாகாது. நம் ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்பு அதிகம். கரித்துண்டின் மேல் வெள்ளையாகப் பூத்து விடும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து விட்டால் அதைப் போல அமிர்தம் வேறில்லை.

வெளிச்சம் எவ்வளவு வேண்டும் என்பதை இலையே சொல்லும். கரும்பச்சையாகக் கொழுகொழுவென்று இருந்தால், "ஆகா, என்ன செழிப்பு!" என்று பூரிக்காதீர்கள். வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம்; இலை வளரும், பூ வராது. இளம்பச்சையாக இருந்தால் சரி. மஞ்சளித்து, பழுப்புத் திட்டு விழுந்தால் வெய்யில் சுட்டு விட்டது. கிழக்குப் பார்த்த பால்கனியும், பாதி வெய்யிலை வடிகட்டும் நிழல்வலையும் டெண்ட்ரோபியத்துக்குப் போதும்.

சென்னையின் புழுக்கம் நமக்குத்தான் சத்துரு, இதற்குச் சிநேகிதம். கத்திரி வெய்யிலில் மட்டும் பால்கனித் தரையில் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து வைப்போம். அந்த நாட்களில் நாம் பகலெல்லாம் ஜன்னலைச் சாத்தி வைத்து, ராத்திரி திறந்து விடுகிறோம் அல்லவா? மரத்தில் வளரும் ஆர்க்கிட்டுகளில் பலவும் அதே தந்திரத்தைச் செய்கின்றன. இலையில் உள்ள நுண்ணிய துளைகளைப் பகலில் மூடிக் கொண்டு ஈரத்தைக் காப்பாற்றுகின்றன. இரவு குளிர்ந்த பிறகே திறந்து காற்றை வாங்கிக் கொள்கின்றன.

ஆகாரம் மிகக் கொஞ்சம். பத்தொன்பது - பத்தொன்பது - பத்தொன்பது என்று விற்கும் கரையும் உரத்தை, ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரை கிராம் வீதம் கலந்து வாரம் ஒரு தடவை தெளித்தால் போதும். அதற்கு முன் வெறும் தண்ணீரால் வேரை நனைத்து விட வேண்டும். தேங்காய் மட்டைத் துண்டு உபயோகிப்பவர்கள் இரண்டு மூன்று நாள் ஊற வைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கொட்டி விட்டு உபயோகியுங்கள். மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் வந்தால் வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து சாயங்காலத்தில் அடிக்கலாம். அழுகிய இலையை வெட்டும் முன் கத்தியைத் தணலில் காட்டுங்கள். இல்லாவிட்டால் ஒரு செடியின் நோயை மற்றொன்றுக்கு நாமே கொண்டு போய்க் கொடுத்தவர்கள் ஆவோம். வெட்டிய இடத்தில் அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு சிட்டிகைப் பட்டைப் பொடியைத் தொட்டு வைத்தால் காயம் உலரும். ஆனால், வேரில் பட்டு விடக் கூடாது. வேரையும் அது உலர்த்தி விடும்.

செடி வந்து மூன்று மாதம் இருக்கும். எங்கள் மாடியிலேயே குடியிருக்கும் அம்மாள் ஒருவர், தோட்டக் கலையில் கை தேர்ந்தவர், பார்க்க வந்தார். "இந்த மொட்டைத் தண்டெல்லாம் எதுக்கு? வெட்டிப் போடுங்க. புதுசுக்கு இடம் கிடைக்கும்" என்றார். ரோஜாவுக்கு அது நல்ல யோசனைதான். நான் கத்தரிக்கோலை எடுக்க எழுந்தேன்.

"இரும்மா" என்றார்கள் என் மாமியார். மொட்டைத் தண்டு ஒன்றை இரண்டு விரலால் மெள்ள அழுத்திப் பார்த்தார்கள். "உள்ள ஈரம் இருக்கு. அடியில பாரு." குனிந்து பார்த்தேன். அந்த மொட்டைத் தண்டின் காலடியில், பட்டாணி அளவில் ஒரு பச்சை முளை. "இது சும்மா நிக்கல. அதுக்குக் குடுத்துக்கிட்டு நிக்குது. வெட்டாதே."

பின்னால் நான் படித்துத் தெரிந்து கொண்டேன். அவர்கள் சொன்னது அட்சரம் பிசகாத சாஸ்திரம். டெண்ட்ரோபியத்தின் தண்டு வெறும் தண்டல்ல. தண்ணீரும் சத்தும் சேர்த்து வைத்திருக்கும் களஞ்சியம். இலை உதிர்ந்த பிறகும் வருஷக் கணக்கில் அது புதுத் தளிரைப் போஷிக்கிறது. சில சமயம் மொட்டைத் தண்டின் கணுவிலிருந்தே வேரும் இலையுமாக ஒரு குட்டிச் செடி கிளம்பும். ஹவாய்த் தீவுக்காரர்கள் அதற்கு 'கெய்க்கி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்கள் பாஷையில் குழந்தை என்று அர்த்தம். தண்டு முற்றிலும் வற்றிச் சருகானால்தான் எடுக்க வேண்டும்.

அன்றைக்கு நாங்கள் இருவரும் அதைப் பற்றி மேலே பேசவில்லை. கத்தரிக்கோல் மட்டும் மேஜை அறைக்குத் திரும்பிப் போயிற்று.

அந்த முளை வளர்ந்து தண்டாகி, அதன் நுனியில் ஒரு காம்பு நீண்டு, அதில் ஏழு மொட்டுக்கள் கட்டின. மொட்டு மலர ஏறக்குறைய ஆறு வாரம் பிடித்தது. அந்த ஆறு வாரமும் எங்கள் வீட்டில் காலைப் பத்திரிகைக்கு முன்னால் மொட்டுச் செய்திதான். முதல் பூ மலர்ந்த அன்று திருச்சியில் இருக்கும் என் நாத்தனாருக்கு அத்தையே டெலிபோன் செய்து, "ஊதாவும் வெள்ளையுமா, பட்டுப் புடவைக் கரை கணக்கா இருக்குடி!" என்று சொன்னார்கள். வந்த நாளிலிருந்து அவர்களாக டெலிபோனை எடுத்தது அதுதான் முதல் தடவை. மல்லிகை ஓர் இரவு. இந்தக் கொத்து ஒன்றரை மாதம் நின்றது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததே, நினைவிருக்கிறதா? என் கணவர் அலுவலகத்திலேயே மாட்டிக் கொண்டார். கீழே தெருவெல்லாம் தண்ணீர்; மின்சாரமும் போய் விட்டது. காற்று பால்கனிக் கதவை இடித்த இடியில் நான் மெழுகுவத்தி தேடிக் கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், அத்தை நனைந்த புடவையோடு தொட்டிகளை ஒவ்வொன்றாகக் கொக்கியிலிருந்து கழற்றிக் கூடத்துக்குள் கொண்டு வந்து கொண்டிருக்கிறார்கள்! அப்போது நாலு தொட்டி சேர்ந்திருந்தது. "அத்தை, விழுந்து வைப்பீர்கள்!" என்று ஓடினேன். "பேசாம அந்தப் பக்கத்தைப் பிடி" என்றார்கள். எங்கள் வீட்டில் அவர்கள் எனக்கிட்ட முதல் அதிகாரம் அது.

அன்றிரவு மெழுகுவத்தி வெளிச்சத்தில் நாலு தொட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து கொண்டு, அவர்கள் கிராமத்து வீட்டைப் பற்றிப் பேசினார்கள். எலுமிச்சை வைத்த வருஷம், கிணறு வற்றிய கோடை, மாமனார் நந்தியாவட்டைக்கு வேலி கட்டிய கதை. விடிய விடியப் பேசினார்கள். விற்ற வீடு திரும்பி வரவில்லை; ஆனால், அதைப் பற்றிப் பேசலாம் என்று ஆயிற்று. மறுநாள் இட்லி நாலு சாப்பிட்டார்கள்.

இவ்வளவு பெருமை பெற்ற இந்தச் செடி சில நூறு ரூபாய்க்கு நம் கைக்கு எப்படி வந்தது என்பதும் ஒரு கதை. ஆர்க்கிட்டின் விதை தூசியைவிடச் சற்றே பெரிது. ஒரு காயில் லட்சக்கணக்கில் இருக்கும். ஆனால், கட்டுச்சோறு இல்லாமல் பிரயாணம் கிளம்பிய மாதிரி, விதைக்குள் ஆகாரமே கிடையாது. காட்டில் ஒரு வகைப் பூஞ்சக்காளான் வந்து ஊட்டினால்தான் முளைக்கும். அதனால் 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சீமான்கள் செடிகளைக் காடுகளிலிருந்து மூட்டை மூட்டையாகப் பிடுங்கி வரச் செய்தார்கள். வழியிலேயே ஏராளமானவை மடிந்தன. 1922-இல் அமெரிக்க விஞ்ஞானி லூயிஸ் நட்சன், சர்க்கரை கலந்த பாகில், பூஞ்சக்காளான் இல்லாமலே விதையைக் குப்பிக்குள் முளைக்க வைக்கலாம் என்று காட்டினார். 1960-இல் பிரான்ஸின் ஜார்ஜ் மொரெல், நுனிக் குருத்தின் ஒரு துளியிலிருந்து அதே செடியைப் பல மடங்காகப் பெருக்கும் வழியைச் சொன்னார். சீமான்களின் சொத்து நம் பால்கனிக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

இந்தச் சரித்திரத்தில் நம் இனத்தாருக்கும் ஓர் இடம் உண்டு. சிங்கப்பூரில் ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்மணியின் வீட்டுத் தோட்டத்தில் உருவான கலப்பினத்தைப் பற்றி 1893-இல் உலகுக்குத் தெரிவித்தார்கள். 'வாந்தா மிஸ் ஜோக்கிம்' என்று பெயர் பெற்ற அந்தப் பூ, 1981-இல் சிங்கப்பூரின் தேசிய மலராயிற்று. வீட்டுக் கொல்லையில் ஒரு பெண்ணின் கையில் பிறந்த பூவை ஒரு தேசமே தன் சின்னமாக வைத்துக் கொண்டிருக்கிறது!

வளர்க்க ஆசைப்படும் சகோதரிகளுக்கு இரண்டு வார்த்தை. டெண்ட்ரோபியத்திலிருந்து ஆரம்பியுங்கள், அது தவறுகளை மன்னிக்கும். வாந்தாவுக்கு வெளிச்சமும் தினசரித் தண்ணீரும் அதிகம் வேண்டும். வெறும் கூடையில், வேர்களைக் காற்றில் தொங்க விட்டு வளர்க்கலாம். பட்டாம்பூச்சி மாதிரி பூக்கும் 'பலனாப்சிஸ்' நிழல் விரும்பி. கடும் வெய்யிலில் அதை உள்ளே ஜன்னலோரம் வையுங்கள். 'சிம்பிடியம்' என்ற இனத்துக்குக் குளிர்ந்த இரவுகள் தேவை. ஊட்டிக்காரர்களுக்கு அதை விட்டு விடுவோம். மலைக்குச் சுற்றுலா போகும்போது மரத்தில் கண்டதைப் பிய்த்துக் கொண்டு வராதீர்கள். நீல வாந்தா முதலிய சில இனங்களைக் காட்டிலிருந்து எடுப்பது 1972-ஆம் வருஷத்து வனஉயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும், கிளையை விட்டுப் பிய்ந்து வந்தது பெரும்பாலும் பிழைப்பதும் இல்லை.

மற்றபடி இதற்குப் பண்டிதமும் வேண்டாம், பங்களாவும் வேண்டாம். காலையில் ஐந்து நிமிஷம் நின்று பார்க்கப் பொறுமை இருந்தால் போதும். தண்ணீர்ச் சொம்பைச் சாய்க்கும் முன் வேரைப் பாருங்கள். பச்சையாக இருக்கிறதா? சொம்பைக் கீழே வைத்து விடுங்கள். அந்த ஐந்து நிமிஷத்தில் உங்கள் காப்பியைச் சூடாகக் குடியுங்கள். குடும்ப ஸ்திரீகளுக்கு அந்தப் பாக்கியம் அடிக்கடி கிடைக்கிறதா, என்ன!